தொட்டியை வடித்தவன்

அந்தத் தொட்டியைக் காலி செய்தவன் நான். திம்மன் அல்லன்.

இதைச் சொல்ல வேண்டிய நாளில், சொல்ல வேண்டிய இடத்தில், என் வாய் திறக்கத்தான் செய்தது. திறந்து வேறொன்றைச் சொன்னது. அதற்குப் பிறகு மார்கழிகள் எத்தனையோ வந்து போய்விட்டன. கேட்டிருக்க வேண்டியவர்கள் இப்போது என் எதிரில் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மன்னிப்புக்காக அல்ல. திம்மனுக்கு நான் செய்ததை நீங்கள் எப்படி மன்னிக்க முடியும்? கேளுங்கள், அது போதும்.

என்னைத் தெரிந்தவர்கள் என்னை ஒழுங்கானவன் என்பார்கள். பேனா வைத்த இடத்தில் இருக்கும். செருப்புகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாள் விட்டதில்லை. அந்த நாளின் பக்கத்தையும் எழுதினேன். ‘கடுங்குளிர். பிரசவ கேஸ் ஒன்று. தாய் நலம்.’ அவ்வளவுதான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை! பொய்யே எழுதாமல் ஒரு மனிதனை எப்படி மறைத்துவிடலாம் என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன்.

நான் கம்பவுண்டர். ஒரு தரும ஸ்தாபனம் கிராமங்களுக்கு அனுப்பிய மருத்துவ வண்டியில் வேலை பார்த்தேன். அது தானே ஓடும் வண்டி அல்ல. ஜீப்பின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் ட்ரெய்லர். சீமையில் செய்தது. வெளியே வெள்ளைத் தகரம். உள்ளே ஒரு ஆள் படுக்கிற கட்டில், மருந்து அலமாரி, கை கழுவ ஒரு பேசின். கட்டிலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து செம்புக் குழாய் ஒன்று தரைப்பலகைக்குக் கீழே ஓடி, பேசினுக்குப் பக்கத்தில் இருந்த கைப்பம்புக்கு வரும். இன்னொரு கிளை, மண்ணெண்ணெயில் எரியும் சிறு கொதிகலனுக்குப் போகும். தொட்டியின் அடியில், வண்டிக்கு வெளியே, ஒரு பித்தளைத் திருகு. அதைத் திறந்தால் தொட்டியில் இருப்பதெல்லாம் மண்ணில் கொட்டிவிடும்.

அந்தத் திருகுதான்... அந்தத் திருகைத் திறந்த இந்தக் கைதான்.

ஏன் திறந்தேன்? இதற்கு நீலகிரிக்குப் போக வேண்டும்.

வண்டி முதலில் நீலகிரியில் இருந்தது. அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உண்மையிலேயே உறையும். உறைந்தால் விரியும், விரிந்தால் குழாய் பிளக்கும். வண்டியோடு வந்த குறிப்பில் இதெல்லாம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் தொட்டியை வடித்துவிட வேண்டும். பம்பைக் காற்று வரும்வரை அடிக்க வேண்டும். குழாய்களைத் திறந்தே வைக்க வேண்டும். வெளியே தெரியும் குழாய்க்குச் சாக்குச் சுற்ற வேண்டும். நான் எல்லாவற்றையும் செய்தேன். ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பம்பை அடித்தால் அசையவில்லை. வெயில் ஏறியதும் குழாயின் முழங்கை வளைவு பிளந்திருந்தது தெரிந்தது. உருகிய தண்ணீர் மருந்து அலமாரிக்குள் இறங்கி, பஞ்சுச் சுருள்களும் பொடி மருந்துகளும் கூழாகிவிட்டன.

மேலதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். எல்லார் முன்னிலையிலும் என்னைப் பார்த்து, “உங்களைப் போய் ஒழுங்கான ஆள்னு நினைச்சேனே” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நீங்கள் சிரிப்பீர்கள். இதற்காகவா ஒரு மனிதன்... ஆம், இதற்காகத்தான்!

மறு வருஷம் வண்டியை ஓசூர்ப் பக்கம் அனுப்பினார்கள். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டிக்குப் போகும் காட்டுப் பாதையில் ஒரு ஊர். ஊரின் பெயரை எழுதமாட்டேன். கேழ்வரகு அறுத்து முடிந்து, அவரைக் காடுகள் பூத்துக் காய்த்திருந்த மாதம். விடியற்காலையில் ஆண்கள் எல்லாரும் கருப்புக் கம்பளிக்குள் போய்விடுவார்கள். முகம் எது முதுகு எது என்று தெரியாது. பாதி வீடுகளில் கன்னடம், பாதி வீடுகளில் தெலுங்கு, எங்களோடு தமிழ்.

எங்களுடன் ஒரு டாக்டரம்மா. முப்பது வயதுகூட இருக்காது. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவர் பள்ளிக்கூடத்து அறையில் தங்கினார். ஜீப் டிரைவர் ஜீப்பில். நான் வண்டியில். வந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்.

“நீலகிரி கணக்கெல்லாம் இங்க வேண்டாம் கம்பவுண்டர். இந்த ஊர்ல தண்ணி உறையாது. கேஸ் எந்நேரமும் வரும். தொட்டி எப்பவும் நிறைஞ்சே இருக்கணும்.”

“சரிங்கம்மா” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சில நாட்கள் கழித்து, ஒரு விடியலில் வெளியே வந்தேன். அவரைக் காட்டின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. புல் நுனியெல்லாம் வெள்ளை. அது வெறும் பனியா, உறைபனியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. விரலால் தொட்டேன்; ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் என் கண்ணுக்கு அது நீலகிரியாகத் தெரிந்தது. பிளந்த முழங்கை தெரிந்தது. ‘உங்களைப் போய்...’ என்ற குரல் கேட்டது.

அன்று பொழுது சாய்ந்ததும், டாக்டரம்மா பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, குனிந்து அந்தத் திருகைத் திறந்தேன்.

மறுநாளும் திறந்தேன். அதன் பிறகு தினமும்.

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னால் சிரிப்பார். பயந்தவன் என்று தெரிந்துவிடும். ஒழுங்கானவன் என்ற பெயருக்குக் கீழே பயந்தவன் ஒருவன் இருப்பதை எவருக்கும் காட்டாமல்தான் நான் இவ்வளவு வயது வாழ்ந்திருந்தேன்!

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை இனிச் சொல்லியாக வேண்டும்.

வண்டி நின்ற களத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிணறு. ஊர்ப் பெரியவர் கவுடருடையது. எங்களை ஊருக்கு அழைத்தவரும் அவர்தான். “கிணத்துல நீங்க தாராளமா எடுத்துக்கங்க” என்றார். ஆனால் இறைத்து ஊற்ற ஆள் தரவில்லை. அவர் வீட்டு ஆட்கள் அவரைக்காய் பறிப்பில் இருந்தார்கள். கூலிக்கு வந்த ஆள் திம்மன் ஒருவன்தான். அவன் சேரிக்காரன். அவன் அந்தக் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது. ஆகவே எங்கள் தண்ணீர் கீழே, கற்பாறைகளுக்கு அப்பால் இருந்த ஓடையிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய் டின் தொங்கும் காவடி. அதைத் தோளில் வைத்து அந்த மேட்டை ஏறி வருவான். தொட்டி நிறைய அவன் காலைப் பொழுதெல்லாம் ஏறி இறங்க வேண்டும்.

அந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் நான் மிக்சர் மருந்து கலக்கினேன். ஊர் முழுவதும் அதைக் குடித்தது. கவுடரும் குடித்தார். அதை யாரும் ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை. மருந்துக்குள் போய்விட்டால் தண்ணீருக்கு ஊர் கிடையாது போலும்!

திம்மனுக்கு என் வயது இருக்கும். நெட்டையான ஆள். வாய் சும்மா இருக்காது.

“என்னா சாமி இது! நேத்து விளிம்பு வரிக்கும் ரொப்பினேனே, காலையில பாத்தா டொக்குனு சத்தம் போடுது.”

“நோயாளிங்க கை கழுவறாங்க. பாத்திரம் கழுவணும். செலவாகாதா?”

“இத்தினி தண்ணிக்கு ஊரே குளிச்சிருக்கலாம் சாமி.” டின்னைக் கவிழ்த்துக்கொண்டே வண்டியின் அடியை எட்டிப் பார்த்தான். மண் கறுத்து ஈரமாக இருந்தது. அந்த ஒரு திட்டில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று முளைத்திருந்தது. “குளுரு பாவம், வண்டிக்கும் ராத்திரில ஒண்ணுக்கு வந்துடுது போல.”

நான் சிரிக்கவில்லை. “வேலையைப் பாரு” என்றேன்.

அவன் தோள் தோல் உரிந்து காய்ப்பு ஏறியிருந்தது. அதற்கு மருந்து போட்டவனும் நான்தான். காலையில் மருந்து போடுவேன். மாலையில் அவன் சுமந்ததையெல்லாம் மண்ணில் ஊற்றுவேன். இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன்... ஒன்றைச் செய்யும்போது மற்றொன்று என் நினைவுக்கே வராது. இப்படியும் ஒருவன் இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள். இருந்தேன்.

அந்தக் காலை இப்படி வந்தது.

டிரைவர் முந்தின நாளே ஜீப்பை எடுத்துக்கொண்டு மருந்தும் மண்ணெண்ணெயும் வாங்க ஓசூருக்குப் போயிருந்தான். வண்டி மட்டும் களத்தில் தனியாக நின்றது. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மாட்டுவண்டிச் சத்தம். அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தை வீட்டிலேயே பிறந்துவிட்டது. நச்சுக்கொடி விழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. வண்டியில் விரித்திருந்த வைக்கோல் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் உட்கார்ந்திருந்தான்.

டாக்டரம்மா ஓடி வந்தார். பெண்ணைக் கட்டிலில் கிடத்தினோம். “கையை உள்ள விட்டு எடுக்கணும்” என்றார். “கொதிகலனைப் பத்த வைங்க. கை கழுவணும், சாமான் எல்லாம் கொதிக்கணும். சீக்கிரம்!” என்று சொல்லிக்கொண்டே பம்பை அடித்தார்.

காற்று வந்தது.

மறுபடி அடித்தார். அந்தச் சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது! ஒரு கிழட்டு நாயின் இருமல் போல வெறும் காற்று.

“தண்ணி எங்க?”

இரண்டு நொடி இருந்திருக்கும். அதற்குள் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். திருகைத் திறந்தேன், பயந்துவிட்டேன், தவறு என்று. ஒரு கணம் திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

“திம்மன் நேத்து ரொப்பலை போலிருக்கு அம்மா” என்றேன்.

“கடவுளே! போங்க, எங்கேருந்தாவது கொண்டு வாங்க!”

வெளியே ஓடினேன். திம்மன் அப்போதுதான் காவடியோடு வந்து, கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றான். ஓடைக்குக் கிளம்பவில்லை இன்னும். டின்கள் காலி.

“திம்மா, கவுடர் கிணத்துல ரெண்டு டின் மொண்டுக்கிட்டு வா. ஓடு!”

அவன் என்னைப் பார்த்தான். “சாமி... கவுடர் கிணறா?”

“ஆமாண்டா!”

“நானா சாமி? அது ஆவாது. ஒரே மூச்சில ஓடைக்குப் போயாந்துடறேன்...”

“ஓடைக்குப் போய் நீ வர்றதுக்குள்ள அவ பொணமாயிடுவா. உள்ள ரத்தமாப் போயிட்டிருக்கு. நான் பாத்துக்கறேன் போ. யார் கேட்டாலும் கம்பவுண்டர் அனுப்பினாருன்னு சொல்லு. நான் இருக்கேன்ல!”

நான் இருக்கேன்ல... என் வாயால் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன்.

அவன் கம்பளியைக் கழற்றிக் காவடியின் மேல் போட்டான். டின்களை எடுத்துக்கொண்டு ஓடினான். ராட்டினம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் ஊருக்கும் கேட்டது.

தண்ணீர் வந்தது. கொதித்தது. டாக்டரம்மா வேலையை முடித்தார். ரத்தம் நின்றது. வெயில் ஏறும்போது அந்தப் பெண் கண்ணைத் திறந்து குழந்தையைக் கேட்டாள். அவள் புருஷன் என் காலில் விழுந்தான்! என் காலில்... நான் அவனைத் தூக்கி நிறுத்தி, “அழாதே” என்று ஆறுதல் சொன்னேன்.

மதியத்துக்கு முன்பே ஆள் அனுப்பி எங்களைக் கவுடர் வீட்டு முற்றத்துக்கு அழைத்தார்கள்.

ஊர் ஆண்கள் கூடியிருந்தார்கள். திம்மன் கீழே, வெயிலில் நின்றான். அவன் மனைவி மாதம்மா தூரத்தில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில். டாக்டரம்மாவுக்கும் எனக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள்.

கூட்டத்திலிருந்து ஒருவன், “ஆஸ்பத்திரியில வேலை கெடைச்சா கெணத்து மேல ஏறிடலாம்னு பாத்தியாடா? நாளைக்கிக் கோயில்ல வந்து மணியாட்டுவியா?” என்றான். சிலர் சிரித்தார்கள்.

டாக்டரம்மா எழுந்துவிட்டார். “ஒரு உசுரு பொழைச்சிருக்கு. நீங்க கிணறு பேசிட்டிருக்கீங்களா? சட்டம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?”

கவுடர் கோபப்படவில்லை. அவர் கோபக்காரர் அல்லர். “சட்டம் தெரியும் டாக்டரம்மா. நீங்க நாளைக்கு வண்டியக் கட்டிக்கிட்டுப் போயிடுவீங்க. நாங்க இங்கியே இருக்கணும்” என்றார். பிறகு திம்மனைப் பார்த்து, “ஏண்டா, யாரைக் கேட்டுத் தொட்டே?” என்றார்.

“கம்பவுண்டர் சாமி அனுப்பினாருங்க.”

கவுடர் என் பக்கம் திரும்பினார். இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அவர் எனக்குக் கதவைத் திறந்தே வைத்தார்.

“கம்பவுண்டர் ஐயா, நீங்க படிச்சவரு. நீங்க சொன்னா ஊரு கேக்கும். அவசரத்துல நீங்கதான் அனுப்பினீங்கன்னா அது வேற பேச்சு. உசுரு காக்கச் செஞ்சதுன்னு விட்டுடலாம். கெணத்துல கொஞ்சம் மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டா முடிஞ்சுது. இவனா தலைக்கொழுப்புல ஏறினான்னா, ஊர்ல இவனை வெச்சிருக்க முடியாது. ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஒரு வார்த்தை. ‘நான்தான்.’ அது போதும் என்று அவரே சொல்லிவிட்டார்!

ஆனால் பக்கத்தில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். நான்தான் அனுப்பினேன் என்றால், எதற்கு அனுப்பினாய் என்ற கேள்வி வரும். தொட்டி ஏன் காலி என்ற கேள்வி வரும். திம்மன் அங்கேயே நிற்கிறான். நேற்றும் விளிம்புவரை நிரப்பினேன் என்று சொல்வான். வண்டியின் அடியில் போய்ப் பார்த்தால் ஈரம் காயாமல் இருக்கும். எனக்கு வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்த்தது.

“நீங்க சொன்னீங்களா கம்பவுண்டர்?” என்றார் டாக்டரம்மா.

“தண்ணி கொண்டு வான்னுதான் சொன்னேன். கிணத்துலன்னு சொல்லலை” என்றேன்.

எவ்வளவு சுத்தமான வாக்கியம் பாருங்கள்! பாதி உண்மை. மீதிப் பாதியில் ஒரு மனிதனின் வீடு, வேலை, ஊர் எல்லாம் இருந்தன.

அதோடு நிறுத்தவில்லை. கேட்காததையும் சொன்னேன். “நேத்து அவன் தொட்டியைச் சரியா ரொப்பியிருந்தா இந்த நிலைமையே வந்திருக்காது.”

திம்மன் ஒன்றும் கத்தவில்லை. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். தவறான வீட்டுக்கதவைத் தட்டிவிட்ட ஒருவன் கதவைத் திறந்தவனைப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

“சரிங்க. சாமிக்கு மறந்துபோச்சு போல” என்றான். “குளுரு.”

யாரோ மறுபடி சிரித்தார்கள்.

டாக்டரம்மா என்னை மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடைந்திருப்பேனோ என்னவோ... அவர் நம்பிவிட்டார். ஒழுங்கான ஆள் பொய் சொல்லமாட்டான் அல்லவா!

அன்று பிற்பகல் கிணற்றை இறைத்தார்கள். தீட்டுப் போக வேண்டும் என்று முழுக் கிணற்றையும் இறைத்துக் கொட்டினார்கள். ஏற்றச் சத்தம் பொழுது சாயும்வரை நிற்கவில்லை. தண்ணீர் வாய்க்காலை மீறிக் களத்துக்கு வந்து, எங்கள் வண்டிச் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வண்டிக்குள் உட்கார்ந்து மாத்திரைகளை எண்ணிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

திம்மனுக்கு ஊரில் ஒருவரும் வேலை தரக்கூடாது என்று கட்டளையாயிற்று. அவனுடைய ஆடுகள் மேய்ச்சல் நிலத்தில் கால் வைக்கக்கூடாது. சேரியில் அவனோடு பேசுகிறவனுக்கும் அதே கதி. வண்டி வேலையிலிருந்து அவனை நிறுத்தாவிட்டால் மருந்துக்கு யாரும் வரமாட்டோம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னார்கள். அவர் இரண்டு நாள் சண்டை போட்டார். இரண்டு நாளும் வண்டிக்கு ஒருவரும் வரவில்லை. காய்ச்சல் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அவர் விட்டுக்கொடுத்தார். அதைத் திம்மனிடம் போய்ச் சொல்லும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்.

சொன்னேன். அதையும் சொன்னேன்.

பொங்கல் வருவதற்குள் திம்மன் வீட்டில் கதவு இல்லை. கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு, ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கோலார்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லை தாண்டினால் வேறு ராஜ்ஜியம். அங்கே சுரங்கத்தில் கையும் காலும் இருந்தால் போதும், வேலை கிடைக்கும் என்றார்கள்.

எங்களுக்குக் கவுடர் வேறு ஆள் கொடுத்தார். காய் பறிப்பு முடிந்திருந்தது. அவன் கிணற்றிலேயே இறைத்து ஊற்றினான். தொட்டி நொடியில் நிறைந்தது. நான் திருகைத் தொடவில்லை. குளிர்காலம் முழுவதும் தொட்டி நிறைந்தபடியே இருந்தது. ஒரு குழாயும் பிளக்கவில்லை. ஒரு துளித் தண்ணீரும் அந்த ஊரில் உறையவில்லை.

முகாம் முடியும்போது என் மேலதிகாரி வந்து வண்டியைச் சோதித்தார். குழாய்களைத் தட்டிப் பார்த்தார். என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் என் குற்றம் இதுதான் என்று நினைத்திருந்தேன். தண்ணீரை வடித்தது ஒன்று. பொய் சொன்னது ஒன்று. இரண்டையும் தராசில் வைத்து வைத்துப் பார்ப்பேன். எது கனம் என்று எனக்குள்ளேயே வழக்காடுவேன். போன மாதம்தான் தெரிந்தது, நான் தராசில் வைக்காத ஒன்று வெளியே இருந்தது என்று.

வண்டி வேலையை விட்டுக் கிருஷ்ணகிரியில் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்துவிட்டேன். போன மாதம் கடை வேலையாகச் சூளகிரிக்குப் போய்த் திரும்பும் வழியில் பஸ் பழுதாகிக் குருபரப்பள்ளியில் நின்றது. சாலையோரத்தில் வேகவைத்த கடலைக்காய் விற்றுக்கொண்டிருந்த பெண் என்னையே பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமுன் கூப்பிட்டுவிட்டாள்.

“ஆஸ்பத்திரி வண்டி சாமிதானே?”

மாதம்மா. தலை பாதி நரைத்திருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை.

“திம்மன்...” என்றேன்.

“போன ஆடியில போயிட்டாரு. மார்ல தூசு கட்டிக்கிச்சுன்னாங்க. தங்கச்சி ஊடு இங்க இருக்குது, வந்துட்டேன்.”

மழை பெய்தது, நின்றது என்பதைப் போலச் சொன்னாள். இனி யாரிடம் சொல்வேன்? இவளிடம்தான் சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பஸ்காரன் எஞ்சினைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“மாதம்மா, அன்னிக்கு அந்தத் தொட்டித் தண்ணியை... திறந்து விட்டது நான்தான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “தெரியுமே” என்றாள்.

“தெரியுமா?”

“தெனமும் வண்டிக்கடியில சேறாக் கெடந்தா தெரியாதா? அவரு வந்து சொல்லிச் சிரிப்பாரு. சாமிக்கு என்னமோ பயம், தண்ணிய ஊத்திடறாரு, போவுது போ, ரொப்புறதுக்குத்தானே நமக்குக் கூலின்னு.”

“அப்போ ஏன் அங்க சொல்லலை?”

“யாரு நம்பறது? நாங்க சொல்லிக் கம்பவுண்டரு பொய்யாயிடுவாரா?” படியால் கடலையை அள்ளி வேறு ஒருவருக்குப் போட்டாள். போட்டுவிட்டுக் கையைத் தட்டினாள். “அதெல்லாம் அவரு ஒண்ணும் நெனைக்கல. பயந்தவங்க பொய் சொல்லுவாங்கதான்னு சொல்லுவாரு. ஒண்ணே ஒண்ணுதான் அவருக்குப் புரியல. கடைசி வரிக்கும் கேட்டுக்கிட்டே கெடந்தாரு.”

“என்ன?”

“கெணறு அங்கியே, பக்கத்துலயே இருந்துச்சு. நீங்க மொண்டா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. டின்னு அவரு கையில இருந்துச்சு, வாங்கிக்கிட்டு நீங்களே ஒரு எட்டு போயிருக்கலாமே. ஏன் சாமி போவல?”

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். செத்துப்போன புருஷனுக்குப் பதில் கொண்டுபோகிறவள் போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஏதாவது நல்ல பொய் கிடைத்திருக்கும். யோசிக்காததால் உண்மை வந்துவிட்டது.

“அது... அவன் வேலை” என்றேன்.

ஆம். அவ்வளவுதான்! குளிர் அல்ல. பயம் அல்ல. அந்த நொடியில் என் உள்ளத்தில் வஞ்சகம்கூட இல்லை. பெண் ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரத்தில் கிணறு. எனக்கு இரண்டு கைகள். ஆனாலும், நான் போகலாம் என்பது என் புத்தியில் எழவே இல்லை. தண்ணீர் சுமப்பவன் அவன். அவனுக்கு அந்தக் கிணறு இல்லை. எனக்குக் கிணறு உண்டு, சுமப்பது இல்லை. எதெது எவனெவனுடையது என்பதெல்லாம் என் மண்டைக்குள் அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்தது! வேண்டுமென்று நான் பலி கொடுத்திருந்தால்கூட அதில் அவனை ஒரு ஆளாக எண்ணியது தெரிந்திருக்கும்...

“ஆமாஞ் சாமி” என்றாள் மாதம்மா. “அவரு வேலைதான்.”

அதற்குள் பஸ் உயிர் பெற்றது. கண்டக்டர் கத்தினான். நான் ஏறிக்கொண்டேன். அவள் அடுத்த ஆளுக்குக் கடலை அளக்கத் தொடங்கிவிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று காலையிலிருந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தொண்டை வறண்டுவிட்டது. சமையலறையில் பானை காலி; எழுதத் தொடங்கும்போதே பார்த்தேன். குடமும் அங்கேயே இருக்கிறது. தெருக்கோடியில் ஊர்க் கிணறு.

தண்ணீர் கொண்டுவருகிறவள் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.